சீட்டுக்கச்சேரி: ஃப்ளாப் யாருடையது?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டு ஒன்பது பேர் உட்கார்ந்து டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் (கையில் தலா இரண்டு கார்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து கார்டு) டோர்னமென்ட் ஆடுவோம். காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான், ஜெயித்தவருக்கு ஒரு கப். முதலில் ரெய்ஸ் பண்ணியவன் (பந்தயத்தை ஏற்றியவன்) ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுக் கார்டு) கார்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் சி-பெட் (ரெய்ஸைத் தொடர்ந்து அவனே போடும் பெட்) போட்டே ஆகவேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்து அப்படியே ஆடினேன். கொஞ்ச நாள் எல்லோரும் கார்டைக் கவிழ்த்து விலகினார்கள். இப்போது ஹார்பரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் நான் எதைப் போட்டாலும் கால் சொல்கிறார் (அதே அளவு போட்டு ஆட்டத்தில் நிற்கிறார்). போன வாரம் கையில் ஏஸ்-ராஜா, ஃப்ளாப்பில் எட்டு-ஏழு-ஆறு, அதில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்). பெட் போட்டேன், டர்னிலும் (நாலாவது பொதுக் கார்டு) போட்டேன், பாதி ஸ்டாக் (என் சிப்ஸ் கையிருப்பு) காலி. சி-பெட்டே தப்பா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சி-பெட் தப்பில்லை தம்பி, அதை அந்த ஃப்ளாப்பில் போட்டதுதான் தப்பு.

ஜோடி இல்லாத இரண்டு கார்டோடு ஃப்ளாப் பார்த்தால் ஒரு ஜோடியாவது விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். உங்களுக்கு மட்டுமில்லை, எதிராளிக்கும் அதே கணக்குதான். இரண்டு பேருக்குமே ஒன்றும் விழாத ஃப்ளாப் அடிக்கடி வரும், அதை முதலில் கை நீட்டுகிறவன் எடுத்துக்கொண்டு போகிறான். சி-பெட்டின் மொத்த பிழைப்பும் இதில்தான் ஓடுகிறது. உங்கள் வீடியோக்காரர் இதுவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் மேஜையில் திறந்து கிடக்கும் மூன்று கார்டைப் பார்க்கச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மூணு சீட்டு ஆடிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கஷ்டம், எனக்குத் தெரியும். அங்கே நடுவில் பொதுக் கார்டே கிடையாது, முகத்தைப் பார்த்து மிரட்டினால் போதும். இங்கே நீங்கள் மிரட்டும்போது மேஜையில் கிடக்கும் கார்டும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஏஸ்-ஏழு-இரண்டு, மூன்றும் வேறு வேறு ஜாதி என்று ஃப்ளாப் வந்தால் அது உங்களுடையது. ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி எல்லாம் ரெய்ஸ் பண்ணியவன் கையில்தான் அதிகம் இருக்கும், பிக் பிளைண்டில் (கார்டு பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் பெரிய பந்தயம்) இருப்பவரிடம் அவை இருந்திருந்தால் பெரும்பாலும் அப்போதே திருப்பி ரெய்ஸ் பண்ணியிருப்பார். எட்டு-ஏழு-ஆறு கதையே வேறு. பிக் பிளைண்டில் ஏற்கெனவே சிப்ஸ் போட்டுவிட்ட அண்ணன், மேற்கொண்டு கொஞ்சம் போட்டால் போதுமே என்று ஒன்பது-எட்டு, ஏழு-ஆறு, பத்து-ஒன்பது, சின்ன ஜோடி என்று சகலத்தையும் வைத்துக் கால் சொல்லியிருப்பார். அதில் பாதி இந்த ஃப்ளாப்பில் எங்கேயாவது ஒட்டும்: ஜோடி, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து கார்டு) ஒரு கார்டு பாக்கி, ஃபிளஷுக்கு (ஒரே ஜாதியில் ஐந்து கார்டு) ஒரு கார்டு பாக்கி. அவர் ஏன் கவிழ்க்கப் போகிறார்? அங்கே ஏஸ்-ராஜாவோடு செக் சொல்லி (பெட் போடாமல் விட்டு), டர்ன் கார்டை இலவசமாகப் பார்த்திருக்கலாம்.

அளவு இன்னொரு விஷயம். பிளைண்ட் 500/1000 (ஸ்மால் 500, பிக் 1000), நீங்கள் 2,500 ரெய்ஸ், பிக் பிளைண்ட் மட்டும் கால், ஆன்டி (எல்லோரும் முன்கூட்டிப் போடும் சிப்ஸ்) இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்மால் பிளைண்ட் விட்டுப்போன 500-ஐயும் சேர்த்துப் பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) 5,500. இதில் 1,800 போட்டால் நாலில் ஒரு தடவை அவர் கவிழ்த்தாலே உங்களுக்கு நஷ்டமில்லை. பாதிப் பாட் 2,750 போட்டால் மூன்றில் ஒரு தடவை கவிழ்க்க வேண்டும், முழுப் பாட் போட்டால் இரண்டில் ஒரு தடவை. ஏஸ்-ஏழு-இரண்டு மாதிரிக் காய்ந்த ஃப்ளாப்பில் சின்ன பெட்டுக்குக் கவிழ்க்கிறவர் பெரிய பெட்டுக்கும் அதே கார்டைத்தான் கவிழ்ப்பார், அப்புறம் எதற்குக் கூடுதல் சிப்ஸை வைத்து ஆட வேண்டும்?

இதே கணக்கில் கையில் 20,000 சிப்ஸ் இருந்து ரெய்ஸ் 2,500, ஃப்ளாப்பில் 2,750, டர்னில் 5,500 போட்டிருந்தால் மிச்சம் 9,250. டோர்னமென்டில் இருபது பிக் பிளைண்ட் ஸ்டாக்கோடு வெறுங்கையில் இரண்டாவது பெட் போடுவதற்கு முன் நூறு தடவை யோசிக்க வேண்டும். அதிலும் எதைப் போட்டாலும் கால் சொல்கிறவர் என்று தெரிந்த ஆளிடம் வெறுங்கை சி-பெட்டையே குறையுங்கள், நல்ல ஜோடி விழும்போது மட்டும் தாராளமாகப் போடுங்கள், அவரே கட்டுவார்.

கேள்வி: மூன்று பேர் கால் சொல்லிவிட்டால்?
– ம.கு., கொருக்குப்பேட்டை

பதில்: ஒவ்வொருவரும் நூற்றுக்கு 60 தடவை கவிழ்ப்பார்கள் என்றே வைத்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்ப்பது 36, மூன்று பேரும் சேர்ந்து 21 சொச்சம். கையில் ஒன்றும் இல்லையென்றால் சும்மா இருங்கள்.

கேள்வி: கடைசி நாலு பேர், மூன்று பேருக்குத்தான் பரிசு. அந்த நேரத்தில் சி-பெட் போடலாமா, பதுங்க வேண்டுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அது மேஜையில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அம்மா. எல்லோரையும்விடப் பெரிய ஸ்டாக் உங்களிடம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நடுத்தர ஸ்டாக்காரர்கள் சுமாரான ஜோடியைக்கூடக் கவிழ்ப்பார்கள், ஏனென்றால் பரிசுக்கு ஒரு படி கீழே வெளியே போக யாருக்கும் மனசு வராது. நீங்களே அந்த நடுத்தர ஸ்டாக் என்றால், மூலையில் ஒருவர் இரண்டு பிளைண்டோடு உட்கார்ந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவர் எந்த நிமிஷமும் வெளியே போகலாம். அந்த நேரத்தில் பெரிய ஸ்டாக்கோடு மோதிச் சிப்ஸை இரட்டிப்பாக்கினாலும் பரிசில் உங்கள் மதிப்பு இரட்டிப்பாகாது, தோற்றாலோ எல்லாமே போச்சு. இந்தக் கணக்குக்கு ஐ.சி.எம். (இன்டிபென்டன்ட் சிப் மாடல்) என்று பெயர். எட்டு பிளைண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் சி-பெட் பேச்சே வேண்டாம், ஃப்ளாப்புக்கு முன்னாலேயே ஆல்-இன் (மொத்தத்தையும் போடுவது) அல்லது ஃபோல்ட் (கவிழ்ப்பது).

கேள்வி: மொட்டைமாடியில் கற்றதை ஆன்லைனில் காசு கட்டி ஆடிப் பார்க்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியாது. போக்கர் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்று, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியோடு சேர்த்து அதையும் நீக்கியது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்த ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடை போட்டது. இலவச சிப்ஸில் ஆடலாம், ஆனால் அங்கே நஷ்டம் இல்லாததால் ஆளாளுக்குக் கால் சொல்வார்கள், சி-பெட் பழக அது சரியான இடமில்லை.

கேள்வி: நான் சி-பெட் போட்டதும் எனக்குக் கார்டு விழுந்ததா இல்லையா என்று என் மச்சான் சரியாகச் சொல்கிறான். எப்படி?
– வாசகர், ராயபுரம்

பதில்: விழுந்தால் பெரிய பெட்டும் விழாவிட்டால் சின்ன பெட்டும் போடுகிறீர்கள், பந்தயம் கட்டுகிறேன். ஒரே மாதிரி ஃப்ளாப்பில் இரண்டுக்கும் ஒரே அளவு வையுங்கள், நல்ல கார்டோடும் சில தடவை செக் சொல்லுங்கள். அப்படியும் கண்டுபிடித்தால் கையைக் கவனியுங்கள். விழாதபோது சிலர் சிப்ஸை டக்கென்று தள்ளிவிட்டு ஃப்ளாப்பையே முறைத்துப் பார்ப்பார்கள், விழுந்தால் சிப்ஸை ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணிவிட்டுத் தள்ளுவார்கள். எப்போதும் மூன்று வரை மனசுக்குள் எண்ணிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், மச்சானுக்குக் கொஞ்ச வாரமாவது வேலை வைக்கலாம்.