என்கர்சஸ் விண்டோ ஸ்க்ரால் ஆகும்போது கட்டமும் சேர்ந்து ஓடுவது ஏன்?

கேள்வி: சி-யில் என்கர்சஸ் (டெர்மினலில் எழுத்துகளால் திரை அமைக்கும் லைப்ரரி) வைத்து ஒரு லாக் வியூவர் எழுதுகிறேன். மேலே கட்டம் போட்ட விண்டோவில் லாக் வரிகள், கீழே கமாண்ட் அடிக்க ஒரு வரி. லாக் விண்டோ நிரம்பியதும் நின்றுவிடுகிறது. நிரம்பினால் வரிகளை மேலே தள்ள அனுமதிக்கும் ஸ்க்ரால்ஓகே போட்டால் கட்டமும் சேர்ந்து மேலே ஓடுகிறது. திரை வேறு மினுக்குகிறது. ஐடிஎல்ஓகே, இம்மெட்ஓகே, லீவ்ஓகே என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். எதைத்தான் போடுவது?

பதில்:

நானும் இதே மாதிரி ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்து ஒரு வாரம் தொலைத்தவன். மேனுவலில் இவையெல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால் எல்லாம் ஒரே ரகம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஸ்க்ரால்ஓகேயும், ஸ்க்ரால் ஆகும் வரிகளின் எல்லையைக் குறிக்கும் டபிள்யூசெட்ஸ்க்ரெக்கும் மெமரியில் இருக்கும் விண்டோவையே மாற்றுபவை. ஐடிஎல்ஓகே, கிளியர்ஓகே, லீவ்ஓகே, இம்மெட்ஓகே எல்லாம் அந்த விண்டோவை டெர்மினலுக்கு எப்போது, எப்படி அனுப்புவது என்பதை மட்டும் சொல்பவை. உங்கள் கட்டம் ஓடுவது முதல் ரகப் பிரச்சினை. அதற்கு இரண்டாம் ரக மருந்து எத்தனை கொடுத்தாலும் கேட்காது.

கட்டம் ஏன் ஓடுகிறது? பாக்ஸ் வரையும் கோடுகள் என்கர்சஸுக்குத் தனியான சட்டம் அல்ல, அவையும் அதே விண்டோவில் உட்கார்ந்திருக்கும் எழுத்துகள்தான். ஸ்க்ரால்ஓகே ட்ரூ ஆனால் கடைசி வரியில் நியூலைன் வந்ததும் எல்லா வரியும் ஒன்று மேலே போகும், கோடும் கூடவே போகும். "டபிள்யூசெட்ஸ்க்ரெக்கில் 1 முதல் உயரம் கழித்தல் 2 வரை கொடு" என்று சிலர் சொல்வார்கள். மேல்கோடும் கீழ்கோடும் பிழைக்கும், உண்மைதான். ஆனால் புதிதாக வரும் வரி வெறுமையாக வருவதால் இரண்டு பக்கக் கோடுகளும் அங்கே அறுந்துவிடும். போதாததற்கு நியூலைன் எழுதினால் என்கர்சஸ் அந்த வரியின் மிச்சத்தை அழித்துவிட்டுத்தான் அடுத்த வரியின் 0-ஆம் பத்திக்குப் போகும். வலக்கோடு அதிலேயே காலி.

ஆகவே இரண்டு விண்டோ வையுங்கள். வெளியே ஒன்று, பாக்ஸ் வரைய மட்டும். உள்ளே நியூவின்னில் (புது விண்டோ உருவாக்கும் ஃபங்ஷன்) உயரத்திலும் அகலத்திலும் 2 குறைத்து, 1, 1 தள்ளி இன்னொன்று. ஸ்க்ரால்ஓகே உள்ளே இருப்பதற்கு மட்டும். வெளிச்சட்டத்தை ஒருமுறை வரைந்து ரிஃப்ரெஷ் செய்தால் போதும். பிறகு அதை டச்வின் (முழு விண்டோவும் மாறியதாகக் குறித்து மறுபடி வரையவைப்பது) செய்ய நேர்ந்தால் அதன் வெற்றிடம் லாக்கை மூடிவிடும், உள் விண்டோவையும் டச்வின் செய்யவேண்டி வரும். இன்னொரு சின்ன விஷயம்: நியூலைனை வரியின் கடைசியில் போடாமல் முதலில் போடுங்கள். இல்லாவிட்டால் அடிவரி எப்போதும் காலியாகவே கிடக்கும்.

ஸ்க்ரால்ஓகே ஃபால்ஸாக இருந்தால் விண்டோ நின்றுவிடுவது அதன் இயல்பு. கர்சர் அடிவரியிலேயே தங்கும். வலது கீழ் மூலையில் ஒரு எழுத்து போட்டால் எழுத்து விழும், ஃபங்ஷன் மட்டும் எர்ரர் என்று திருப்பும். பைத்தானில் இதுவே எக்ஸெப்ஷனாக வந்து பலரைக் குழப்புகிறது.

மினுக்கலுக்கு வருவோம். லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் விண்டோவை அழிக்க டபிள்யூகிளியர் போடுகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். அது அழிப்பதோடு நிற்காது, கிளியர்ஓகேயையும் அழைத்துவிடும். அடுத்த ரிஃப்ரெஷில் திரை முழுவதும் துடைத்து முதலிலிருந்து வரையப்படும். டபிள்யூஇரேஸுக்கு மாறுங்கள். மாறிய எழுத்துகள் மட்டும் போகும். கர்சஸ் என்ற லைப்ரரியின் பெருமையே அதில்தான் இருக்கிறது. 80-க்கு 24 திரையில் 1920 எழுத்து. 9600 பாட் (தகவல் அனுப்பும் வேக அளவு) லைனில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துதான் போகும், முழுத் திரைக்கு 2 நொடி. பெர்க்லியில் கென் அர்னால்ட் இதை எழுதிய காலத்துக் கவலை அது.

இம்மெட்ஓகேயை இப்போதே எடுத்துவிடுங்கள். விண்டோவில் எதை மாற்றினாலும் உடனே ரிஃப்ரெஷ் ஆகவைக்கும். டபிள்யூரிஃப்ரெஷ் போட மறந்துவிட்டு, "திரையில் எதுவுமே வரவில்லையே" என்று நானும் ஒருகாலத்தில் இதைப் போட்டேன். வண்ணம் கொடுப்பதற்காக எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டிருந்தேன். என் கணினியில் தாமதம் தெரியவில்லை. ஊருக்குப் போய் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியில் நுழையும் வழி) வழியாகப் பார்த்தபோது லாக் வரிகள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் வந்த பிள்ளை அடிப்பதுபோல் வந்தன.

ஐடிஎல்ஓகே என்பது டெர்மினலின் வரி சேர்க்கும், நீக்கும் வசதியைப் பயன்படுத்த அனுமதி. லாக் விண்டோ திரையின் முழு அகலத்துக்கும் இருந்து, லைனும் மெதுவாக இருந்தால் பலன் உண்டு. உங்களுடையதில் இரண்டு பக்கமும் கோடு இருக்கிறது. டெர்மினல் முழு வரியைத்தான் நகர்த்தும் என்பதால் பக்கத்தில் வேறு விண்டோ இருந்தால் பெரிதாக லாபம் இல்லை. ஃபால்ஸ்தான் டிஃபால்ட், விட்டுவிடுங்கள்.

லீவ்ஓகே என்பது ரிஃப்ரெஷ் முடிந்ததும் கர்சரை அது நின்ற இடத்திலேயே விட்டுவிட அனுமதி, லாக் விண்டோவுக்கு வேண்டுமானால் போடலாம். ஆனால் கர்சரைக் கமாண்ட் வரியில் நிறுத்துவது அது அல்ல, கமாண்ட் விண்டோவைக் கடைசியில் ரிஃப்ரெஷ் செய்வதுதான். கர்சரை மறைக்கும் வேலையும் லீவ்ஓகேயுடையது அல்ல, அதற்கு கர்ஸ்_செட் இருக்கிறது. லாக், பிறகு கமாண்ட் என்ற வரிசையில் டபிள்யூநோஅவுட்ரிஃப்ரெஷ் (மாற்றங்களைத் தயார் செய்து மட்டும் வைக்கும்), கடைசியில் அவற்றை டெர்மினலுக்கு அனுப்ப ஒரே ஒரு டூஅப்டேட். கீ வாங்குவதும் வெறும் கெட்சிஎச் வேண்டாம். அது எஸ்டிடிஎஸ்சிஆரை (திரை முழுவதற்குமான இயல்பு விண்டோ) ரிஃப்ரெஷ் செய்து உங்கள் விண்டோக்களின் மேல் வெற்றுத்திரையைப் பூசிவிடலாம். கமாண்ட் விண்டோவைக் கொடுத்து டபிள்யூகெட்சிஎச் போடுங்கள்.

கிளியர்ஓகேக்கும் ஒரு இடம் உண்டு: கண்ட்ரோல் எல். வேறு ஏதாவது புரோகிராம் டெர்மினலில் நேராக எழுதித் திரையைக் கலைத்துவிட்டால் என்கர்சஸுக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் கீ வந்தால் கர்எஸ்சிஆர் (இப்போது திரையில் இருப்பதாக என்கர்சஸ் நினைக்கும் நகல்) மேல் கிளியர்ஓகே ட்ரூ, பிறகு ஒரு ரிஃப்ரெஷ். இவ்வளவும் செய்தும் மினுக்கினால் லூப் பகுதியை மட்டும் கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.