அதிகம் அறியப்படாத பிராண்டுகளை விடாமல் வாங்குபவரா நீங்கள்? எவை, ஏன்?

ஆம், விடாமல் வாங்குகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறையையும் குளியலறையையும் துணி அலமாரியையும் திறந்து பார்த்தால், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் பலரும் கேள்விப்படாத பெயர்கள்தான் பாதிக்கு மேல் இருக்கும். குளிர்பானத்துக்குக் காளிமார்க் பொவண்டோ, வெள்ளைத் துணிக்கு ரீகல் சொட்டு நீலம், சர்வோதய சங்கத்துச் சோப், கணவருக்குப் பூமெக்ஸ் பனியன், மாமனாருக்குச் சங்கு மார்க் லுங்கி.

பழைய ஞாபகத்துக்காகவா என்று சிலர் கேட்பார்கள். ஞாபகம்தான் காரணம் என்றால் முதலில் கோபால் பல்பொடியைச் சொல்லியிருப்பேன். இலங்கை வானொலியில் அதன் விளம்பரம் ஓடாத நாள் இல்லை. இனிக்கும் அந்த ரோஜா நிறப் பொடியைப் பல்லில் தேய்த்ததைவிடத் தின்று தீர்த்த குழந்தைகளே எங்கள் தெருவில் அதிகம். ஆனாலும் இன்று அது எங்கள் வீட்டில் இல்லை. மாதாமாதம் பட்டியலில் எழுதி வாங்கும் பொருளுக்கு ஞாபகம் மட்டும் போதாது.

பொவண்டோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் விருதுநகர். 1916-ல் பழனியப்ப நாடார் அங்கே தொடங்கிய சோடாக் கம்பெனிதான் காளிமார்க். பொவண்டோ வந்தது 1950களின் பிற்பகுதியில். பார்வைக்குக் கோலா நிறம். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது திராட்சை மணம். கறிவிருந்து முடிந்து, வெற்றிலைக்கு முன்னால் அது வராவிட்டால் எங்கள் பக்கத்தில் விருந்து முடிந்ததாகவே கணக்கில்லை.

1993-ல் பார்லே நிறுவனம் தன்னுடைய பானங்களைக் கோக-கோலாவுக்கு விற்றது. அவற்றில் தம்ஸ் அப் பிழைத்துக்கொண்டது. கோல்ட் ஸ்பாட் ஃபாண்டாவுக்கு வழிவிட்டுக் கடைகளிலிருந்து மறைந்துபோனது. அதைக் குடித்து வளர்ந்தவர்கள் யாரும் அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. இன்னொருவர் கைக்குப் போன பொருள் இருப்பதும் போவதும் அவர் கணக்குப்படிதான். அந்தக் காலகட்டத்தில் வட்டாரச் சோடாக் கம்பெனிகள் எத்தனையோ காணாமல் போயின. காளிமார்க் விற்காமல் நின்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நின்றதும் சாதாரணமாக நடந்ததல்ல. பெட்டிக்கடையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய குளிர்பதனப் பெட்டி இருக்கிறதே, அது பெரும்பாலும் கடைக்காரர் காசு போட்டு வாங்கியதல்ல. பெரிய பான நிறுவனம் கொடுப்பது. கொடுத்தவர்களின் பாட்டில்களை மட்டுமே அதில் அடுக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அப்படியானால் பொவண்டோ எங்கே போகும்? கடை வாசலில் வெயிலில் இருக்கும் பெட்டிக்குள்தான். தாகத்தோடு வருகிறவர் ஜில்லென்று இருப்பதைத்தான் கேட்பார். ருசியில் தோற்காத பானம் இப்படிக் குளிர்ச்சியில் தோற்கிறது. அதனால்தான் நான் கடைக்குப் போனால் "குளிர்ச்சியாக என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை, "பொவண்டோ குளிர்ச்சியாக இருக்கிறதா?" என்று கேட்கிறேன். நாலு பேர் அப்படிக் கேட்டால் கடைக்காரர் தன் சொந்தக் குளிர்பதனப் பெட்டியில் அதற்கு ஓர் இடம் ஒதுக்குவார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது இது மாநிலம் முழுவதும் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. அதுவரை பொவண்டோவைத் திரும்பியும் பார்க்காதவர்கள் பெயர் சொல்லி வாங்கினார்கள். வேகம் அடங்கியதும் பலர் பழைய பழக்கத்துக்கே போய்விட்டார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

சோப்பு விஷயத்தில் எனக்கு விசுவாசம் வந்தது உறையின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகு. அங்கே டி.எஃப்.எம். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் முதல் தரம், 70 என்றால் இரண்டாம் தரம், 60 என்றால் மூன்றாம் தரம். அதற்கும் கீழே போனால் அது குளியல் சோப்பு என்ற கணக்கிலேயே வராது. 'பாதிங் பார்' (Bathing Bar) என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பளபளப்பான உறையும் தூக்கலான வாசனையும் உள்ள கட்டிகள் சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால் இந்த எழுத்துதான் கண்ணில் படும். சிறிய கம்பெனி என்றாலே உயர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுடையதையும் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். சர்வோதய சங்கத்தில் நான் வாங்கும் சோப் அப்படித் தேறியது. கையால் வெட்டிய கட்டி என்பதால் ஓரங்கள் ஒழுங்காக இருக்காது, தண்ணீர் தேங்கினால் சீக்கிரம் கொழகொழத்துவிடும். என் மாமியார் சொல்லிக்கொடுத்த வழி: வாங்கியதும் உறையைப் பிரித்துப் புடவை அடுக்குக்குள் சில வாரம் வைத்துவிட வேண்டும். கட்டி நன்றாக இறுகும், புடவைக்கும் மணம் ஏறும்.

சொட்டு நீலத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைத் துணி நாள்படப் பழுப்பேறும். நீலம் அந்த மஞ்சளை ஈடுகட்டிக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது. நேராகத் துணியில் விடாதீர்கள், திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். வாளித் தண்ணீரில் சில சொட்டுகள் விட்டுக் கையால் நன்றாகக் கலக்கிய பிறகு வேட்டியை முக்கி எடுங்கள்.

பனியனில் நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, பக்கவாட்டில் தையல் இருக்கக் கூடாது. வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாய் போலவே இறங்கி வந்த துணியில் வெட்டிய பனியன் இடுப்பில் உறுத்தாது. இரண்டு, கழுத்துப் பட்டி. பத்துப் பதினைந்து துவைப்பில் அது தொங்கிப்போனால் மறுமுறை அந்தப் பெயரைக் கேட்க மாட்டேன். திருப்பூர் எத்தனையோ நாடுகளுக்குப் பிறர் பெயர் ஒட்டிப் பின்னலாடை அனுப்புகிற ஊர். அந்த ஊரே தன் பெயரில் செய்து விற்கும் பனியனை நாம் மட்டமாக நினைப்பது எனக்குப் புரிவதே இல்லை.

லுங்கி மாமனாரின் இலாகா. கடையில் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டத்தின் சாயம் உள்பக்கமும் அதே அழுத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டக் கொடுப்பார். அவர் தேறியதாகச் சொன்ன துணியை நாங்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிவிடுவோம்.

கடைசியாக, இந்தப் பிடிவாதத்துக்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். சின்னக் கம்பெனியிடம் என் பேச்சு போய்ச் சேர்கிறது. எங்கள் தெரு மளிகைக்கடையில் ஓர் அப்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் இட்டு விற்றது. ஒருமுறை எண்ணெயில் போட்டதும் ஓரம் மட்டும் விரிந்தது, நடு அப்படியே கல்லாக நின்றது, எண்ணெயையும் குடித்தது. கடைக்காரரிடம் போய், "அண்ணாச்சி, அப்பளம் முன்னைப்போல் பொரியவில்லை. உளுந்தைக் குறைத்துவிட்டார்களா?" என்று கேட்டேன். "நீங்களும் சொல்கிறீர்களா அம்மா? மூன்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சரக்குப் போட வருவார், நானே கேட்கிறேன்" என்றார். கேட்டும் விட்டார். உளுந்து விலை ஏறியதால் வேறு மாவு கலந்ததாக அந்த மனிதர் மறைக்காமல் ஒப்புக்கொண்டாராம். "விலையைக் கூட்டுங்கள், மாவை மாற்றாதீர்கள் என்று நீங்கள் எல்லோரும் சொன்னதாகச் சொல்லிவிட்டேன்" என்றார் அண்ணாச்சி. அடுத்து வந்த கட்டின் விலை கூடியிருந்தது, அப்பளம் பழையபடி முழுவட்டமாகப் பொரிந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் பிஸ்கட் பொட்டலத்தில் எடை குறைந்தால் நான் யாரிடம் போய் இப்படிக் கேட்க முடியும்? இலவசத் தொலைபேசி எண்ணில் ஒரு புகார் எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த அப்பளம் இப்போது வருவதில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், இட ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி வேறு இரண்டு அப்பளம் கொடுத்துப் பார்த்தார்; எங்களுக்குப் பிடிக்கவில்லை. இப்போது திருநெல்வேலிப் பக்கம் யார் போனாலும் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கிவரச் சொல்கிறோம். அந்த ஊரிலேயே வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும் என்பதால், எந்த வீட்டில் வாங்கியது என்பதைக் கேட்டுக் கட்டின்மேல் எழுதி வைத்துக்கொள்கிறேன்.