பையில் மூன்று பொருள், கணக்கில் பூஜ்யம்

கேள்வி: லுவா (Lua) நிரல் மொழியில் ஒரு சிறிய விளையாட்டை எழுதி வருகிறேன். வீரனின் பை ஒரு டேபிள் (தரவைச் சேமிக்கும் அமைப்பு); பொருளின் பெயர் சாவி (மதிப்பைத் தேட உதவும் அடையாளம்), எத்தனை இருக்கிறது என்பது மதிப்பு. வாள், கேடயம், மூலிகை மூன்றும் உள்ளே இருந்தும், நீளம் சொல்லும் '#' குறி பூஜ்யம் என்கிறது. திரையில் வரிசையும் மாறி மாறி வருகிறது. எங்கே தவறு?

பதில்: பெயரைச் சாவியாக வைத்தது மிகச் சரி, அதை மாற்றிவிடாதீர்கள். 1993-இல் பிரேசிலில் பிறந்த லுவாவில் பட்டியலுக்கும் அகராதிக்கும் ஒரே டேபிள்தான். அதன் அழகும் அதுதான், குழப்பமும் அதுதான். '#' குறிக்குத் தெரிந்தது 1, 2, 3 என்று இடைவெளியின்றி எண்ணிட்ட பட்டியல் மட்டுமே. பெயர்ச் சாவிகளை அது எண்ணவே எண்ணாது. ஆகவே எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகத் தரும் 'பேர்ஸ்' (pairs) சுற்று ஒன்றில் நீங்களே எண்ண வேண்டும். அடிக்கடி தேவைப்பட்டால், புதுப் பெயர் நுழையும்போது ஒன்று கூட்டி, பெயர் நீங்கும்போது ஒன்று கழிக்கும் ஒரு மாறி (variable) போதும்.

வரிசை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: 'பேர்ஸ்' எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் கணினியில் இன்று ஒழுங்காக வந்தாலும் நம்பாதீர்கள். பெயர்களை மட்டும் 1, 2, 3 என்று அடுக்கிய இரண்டாவது டேபிளை வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 என்ற வரிசையிலேயே செல்லும் 'ஐபேர்ஸ்' (ipairs) கொண்டு அதில் நடந்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய எண்ணிக்கையை முதல் டேபிளில் கேளுங்கள். '#' இந்தப் பட்டியலில் சரியாகவே எண்ணும் என்பதால், மேலே சொன்ன மாறியும் தேவையில்லை.

பொருள் தீர்ந்ததும் மதிப்பைப் பூஜ்யமாக்கினால் பெயர் உள்ளேயே தங்கிவிடும். 'நில்' (nil, அதாவது மதிப்பே இல்லை) கொடுத்தால்தான் நீங்கும். 'பேர்ஸ்' சுற்று ஓடும்போதே, ஏற்கெனவே இருக்கும் சாவிக்கு 'நில்' கொடுக்கலாம், புதுச் சாவி சேர்க்கக் கூடாது. ஆனால் பெயர்ப் பட்டியலின் நடுவில் 'நில்' வைத்தால் 'ஐபேர்ஸ்' அந்த ஓட்டையிலேயே நின்றுவிடும். அங்கே 'டேபிள்.ரிமூவ்' (table.remove) பயன்படுத்துங்கள், பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னே நகர்ந்துகொள்ளும். பலவற்றை நீக்குவதானால் கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் நகர்ந்து வந்த பொருளைத் தாண்டிவிடுவீர்கள்.

பின்னாளில் பெயருக்குப் பதில் எண்ணைச் சாவியாக்கினால், 7 என்ற எண்ணும் "7" என்ற எழுத்துச்சரமும் (எழுத்துகளாக வைத்த மதிப்பு, string) வெவ்வேறு சாவிகள். சேமித்த ஆட்டத்தைக் கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கும்போது கிடைப்பது எழுத்துச்சரம். 'டோநம்பர்' (tonumber) கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே டேபிளில் தேடுங்கள்.