ஜெர்மனியில் ஐடி வேலை: மூன்று லட்சம் கேட்கும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டலாமா?

நான்கு ஆண்டுகள் ஜாவா அனுபவம் இருந்தும், ஆறு மாதங்களாக இருநூறு இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு நேர்காணல்கூட வரவில்லை என்றும், மூன்று லட்சம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து ஷ்டுட்கார்ட் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் படிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் இருப்பதால், இரண்டு பக்கமும் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

பதில் வராததற்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று எண்ணி மனம் தளர வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் ரெஸ்யூமேயைத் திறக்கும் மேலாளருக்கு முதலில் எழும் கேள்வி, இவருக்கு விசா கிடைக்குமா, எப்போது வந்து சேருவார் என்பதுதான். அதற்கு உங்கள் ரெஸ்யூமேயில் விடை இல்லையென்றால், ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா மென்பொருள் கருவி பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும் முன்பே அவர் அடுத்ததற்குப் போய்விடுவார்.

ஆகவே முதல் வேலை, அனாபின் என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பட்டத்தைத் தேடுவது. நான் தேடியபோது என் கல்லூரியின் பெயரைத் தட்டிப் பார்த்து, எதுவும் வராததால் இரண்டு நாள் தூக்கமின்றி இருந்தேன். பட்டம் வழங்கியது அண்ணா பல்கலைக்கழகம், கல்லூரி அதன் இணைப்புக் கல்லூரி மட்டுமே என்பது பிறகுதான் உறைத்தது. சான்றிதழின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். அதற்கு நேரே, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் என்பதைக் காட்டும் எச் பிளஸ் என்ற குறி இருக்கிறதா, உங்கள் பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு இணையானதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்து, அந்தப் பக்கங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால், பான் நகரில் உள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்திடம் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, பட்டமே இல்லாத ஐடி ஊழியருக்கும் கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு அனுபவம் இருந்தால் ப்ளூ கார்டு, அதாவது வெளிநாட்டுத் திறனாளர்களுக்கான வேலை மற்றும் வசிப்பு அனுமதி, பெற வழி உண்டு.

ப்ளூ கார்டுக்கான சம்பள வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். 2025இல் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ; ஆள் பற்றாக்குறை உள்ள ஐடி போன்ற துறைகளுக்கு 43,759.80 யூரோவாக இருந்தது. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்த பிறகு, தனியாக வாழ்பவர் கையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இவையெல்லாம் தெரிந்தபின், ரெஸ்யூமேயின் மேலே மூன்று வரிகள் சேருங்கள்: பட்டம் அனாபினில் அங்கீகரிக்கப்பட்டது, ப்ளூ கார்டுக்குத் தகுதி உண்டு, இத்தனை மாதத்தில் சேர முடியும். நம் ஊர் நிறுவனங்களின் 90 நாள் நோட்டீஸ் பீரியட் தடையாகுமோ என்று பலர் பயந்து அதை மறைக்கிறார்கள். இங்கே பணி விலகுவோரும் மூன்று மாத அவகாசம் கொடுப்பது பரவலான வழக்கம் என்பதால், அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

நேர்காணலில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. சென்ற மாதம் சென்னையிலிருந்து பேசிய ஓர் இளைஞரிடம், பேமென்ட் சேவை முடங்கியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நாங்கள் லாக் பார்த்தோம், எங்கள் டீம் சரிசெய்தது" என்றார். மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்ட பிறகுதான், டேட்டாபேஸ் இணைப்புகள் மூடப்படாமல் தேங்கியதை இரவு இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தது அவரே என்று தெரிந்தது. அடக்கம் நல்ல பண்புதான்; ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது, இவர் எதையும் தனியாகச் செய்ததில்லை என்றே படும். நீங்கள் செய்ததை "நான்" என்று சொல்லப் பழகுங்கள்.

பெர்லினில் ஆங்கிலம் மட்டும் போதும் என்னும் நிறுவனங்கள் நிறைய உண்டு. தெற்கே, கார் தொழிலைச் சுற்றியுள்ள நிறுவனங்களில் பி1 எனப்படும் இடைநிலை அளவு ஜெர்மன் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகிறது. ஜெர்மன் கற்றுத்தரும் சென்னை நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். வந்தபிறகும் அது உதவும், ஏனெனில் ப்ளூ கார்டு வைத்திருப்பவர் பி1 இருந்தால் 21 மாதங்களிலும், தொடக்க நிலையான ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதங்களிலும் நிரந்தர வசிப்புரிமை கோரலாம்.

வேலை இல்லாமலே வந்து ஓராண்டு தேடுவதற்கு 2024 ஜூனிலிருந்து வாய்ப்பு அட்டை என்ற விசா இருக்கிறது. அதற்கு 2025 கணக்கில் மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் பணம் காட்ட வேண்டும், வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பகுதிநேர வேலை பார்க்கலாம். கடன் வாங்கி அதில் வர வேண்டாம் என்பது என் கருத்து.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். நானும் தொடக்கத்தில் ஒருவரிடம் அறுபதாயிரம் கட்டினேன். அவர் செய்தது, என் ரெஸ்யூமேயை வேறு எழுத்துருவில் மாற்றித் தந்தது மட்டுமே. பணம் போனதோடு தப்பினேன். 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பி விமானம் ஏறிய நம் பிள்ளைகள் பலர் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் அந்த செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. பதிவுபெற்ற ஏஜென்ட்கூட ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய அரசின் விதி. பதிவு உண்மைதானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே நான் ராஜினாமா கொடுத்துவிட்டேன். விசா தாமதமாகி, ஏழு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன். நீங்கள் சேரும் தேதியை விசா கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் தள்ளி எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதத்தை அனுப்புங்கள்.