வாய்ஸ்மெயில் கிரீட்டிங்: கேட்டதும் சொன்னதும்

மதுரையில் அலுவலக இன்டர்காம், ஐபி போன் வேலை பார்க்கிறவன் நான். வாய்ஸ்மெயிலில் சொந்தக் குரலை வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கேட்டவர்கள் எல்லாரிடமும் இருப்பது ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற ஆபீஸ் போன் சிஸ்டம், அதாவது உள்ளே ஓடுவது ஆஸ்டெரிஸ்க் என்ற சாப்ட்வேர். வேறு சிஸ்டம் என்றால் அழுத்தும் எண்கள் மாறும்.

கப்பலூர், கணக்குப் பிரிவு: அண்ணே, நான் போனை எடுக்காவிட்டால் பார்ட்டிகளிடம் இங்கிலீஷில் ஒரு அம்மா பேசுகிறார். என் குரலை எப்படி வைப்பது?

அந்த அம்மா பெயர் ஆலிசன் ஸ்மித், கனடாக்காரர். ஆஸ்டெரிஸ்க் சிஸ்டம் எந்த நாட்டில் இருந்தாலும் பெரும்பாலும் அவர் குரல்தான். அவரை அனுப்பிவைக்க உங்கள் போனிலிருந்தே ஸ்டார் 97 அடியுங்கள், பாஸ்வேர்டு கொடுங்கள், 0 அழுத்துங்கள். அங்கே 1 நீங்கள் எடுக்காதபோது கேட்பது, 2 வேறு காலில் இருக்கும்போது கேட்பது, 3 உங்கள் பெயர், 4 தற்காலிகம். பேசி முடித்ததும் உடனே ஹேஷ். ஹேஷ் அழுத்தாமல் ரிசீவரை வைத்துவிட்டால் பேசியது பதிவாகாமலே போய்விடும். அப்புறம் 2 அழுத்திக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் 3 அழுத்தித் திரும்பப் பேசுங்கள், சரி என்றால் 1.

பலர் 3-ல் பெயரை மட்டும் பதிந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் பெயர் தமிழில் வரும், மீதி வாக்கியத்தை அந்த அம்மா இங்கிலீஷில் முடிப்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். முதலில் 1-ஐப் பதியுங்கள்.

என்ன பேசுவது? "வணக்கம், கணக்குப் பிரிவு. பில் நம்பரையும் உங்கள் போன் நம்பரையும் சொல்லுங்கள், நானே கூப்பிடுகிறேன்." இவ்வளவு போதும். கம்பெனி வரலாறெல்லாம் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவார்கள்.

கோரிப்பாளையம், லேப் ரிசப்ஷன்: எப்போது பதிந்தாலும் பஸ் ஹாரன் விழுகிறது.

ஸ்பீக்கரில் பேசாதீர்கள், ரிசீவரைக் கையில் எடுங்கள். அப்போதும் விழுந்தால் உள்ளறைப் போனுக்குப் போய் ஸ்டார் 98 அடியுங்கள். அது யாருடைய வாய்ஸ்மெயில் என்று கேட்கும். உங்கள் எக்ஸ்டென்ஷன் நம்பரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் அங்கிருந்தே பதியலாம்.

கே.கே. நகர், ஆடிட்டர் ஆபீஸ்: 2-ல் தனியாகப் பதிந்தும் யாருக்கும் அது கேட்கவில்லையே, சார்?

கால் வெயிட்டிங் ஆன் ஆகியிருக்கும். நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலும் இரண்டாவது கால் உள்ளே வந்து அடிக்கும். எடுக்காவிட்டால் 1-ல் பதிந்ததுதான் ஓடும். ஸ்டார் 71 அடித்தால் கால் வெயிட்டிங் போய்விடும், மறுபடி வேண்டுமென்றால் ஸ்டார் 70. ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் அதை நிறுத்துவதைவிட, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி 1-ஐயே பேசிவிடுவது நல்லது என்பேன்.

விளக்குத்தூண், ஜவுளி மொத்தக்கடை: அழகர் ஆற்றில் இறங்கும் அன்று லீவு. ஒரு நாளைக்காகப் பழையதை அழிக்கணுமா?

அழிக்கவே வேண்டாம். 4 இருப்பதே இதற்காகத்தான். அதில் "இன்று கடை விடுமுறை, நாளை காலை கூப்பிடுங்கள்" என்று பதிந்தால் 1-ஐயும் 2-ஐயும் ஓரங்கட்டிவிட்டு அதுதான் ஓடும். கடை திறந்ததும் திரும்ப 4-க்குள் போய் 2 அழுத்துங்கள், பழையது தானாக வந்துவிடும். மறந்தீர்களோ, ஆடி வந்தாலும் உங்கள் கடை லீவுதான்!

திருமங்கலம், பள்ளி அலுவலகம்: வாட்ஸாப்பில் பேசி அனுப்பிய வாய்ஸ் நோட்டைப் போடலாமா?

அப்படியே போட்டால் ஓடாது. 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் ஃபைலாக மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டார் 97 அடித்து மூன்று தடவை பேசிவிடலாம்.

மாட்டுத்தாவணி, பார்சல் ஆபீஸ்: வேலையை விட்டுப் போனவர் குரல் இன்னும் ஓடுகிறது. பாஸ்வேர்டும் தெரியாது.

நான் போன ஓர் உதிரிபாகக் கடையில், ரிட்டயர் ஆன கணக்குப்பிள்ளை ஆறு மாதம் "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் போன் சிஸ்டத்தைப் பார்ப்பவரிடம் அந்த எக்ஸ்டென்ஷனின் வாய்ஸ்மெயில் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லுங்கள், பழையது தேவையில்லை. புதியவர் உள்ளே போய் 1, 2, 3 மூன்றையும் பதியட்டும். 4-ல் ஏதாவது கிடக்கிறதா என்றும் பார்க்கட்டும். புது பாஸ்வேர்டாக எக்ஸ்டென்ஷன் நம்பரையே வைத்துவிடாதீர்கள்.