கால்நடை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர்கள் ஊட்டியில் கூடினால் வெறும் விருந்துதானா?

விருந்து உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் சென்னை வேப்பேரிக் கல்லூரியில் படித்த நாங்கள் ஊட்டியில் கூடினால் மறுநாள் காலையிலேயே கூடலூர் சாலையில் வண்டியை விட்டுச் சாண்டிநல்லாவுக்குப் போய்விடுவோம். எங்கள் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். நீலகிரி ஆட்டோடு மெரினோ என்ற மென்கம்பளி வெளிநாட்டுச் செம்மறியைக் கலந்து சாண்டினோ இனத்தை உருவாக்கிய இடம். பனி காயாத புல்லில் நிற்கும் ஆட்டின் முதுகுக் கம்பளியை விரலால் பிரித்துப் பார்த்தால் மேலே அழுக்கு, அடியில் பளிச்சென்று வெண்மை.

அப்புறம் பக்கத்து ஊரில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி வைப்பது வசதி.

கல்லூரிச் செய்தியா? 1903-இல் கல்லூரி, 1989-இல் பல்கலைக்கழகம் என்பதெல்லாம் தெரிந்த கதை. யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்பதைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம்.