ஆட்டத்தின் நடுவில் விலகிவிடாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு, டெர்பிஷயருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஊர் மண்டபத்தில் வாரம் ஒருநாள் நடக்கும் இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ் என்ற பழைய ஆங்கிலக் கூட்டு ஆட்டத்தில் சேரலாமா, என்ன உடுத்துவது, துணை இல்லாமல் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். உடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மெல்லிய அடியுள்ள காலணி போதும். தனியாகவே போகலாம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் துணையை மாற்றிக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

நான் எச்சரிக்க விரும்புவது வேறு. பெரும்பாலான ஆட்டங்களில் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். எதிரெதிரே நிற்கும் இருவர் ஓர் இணை, அடுத்தடுத்த இரண்டு இணைகள் சேர்ந்து ஆடும். ஒரு சுற்று முடிந்ததும் அவற்றில் முதல் இணை ஓர் இடம் கீழே இறங்க, இரண்டாம் இணை மேலே ஏறும். கோலாட்டத்தில் எதிராளி மாறிக்கொண்டே வருவதைப் போல, சுற்றுக்கு ஒரு புதிய இணை உங்கள் எதிரே வரும். ஆகவே அடி தவறினால் ஆட்டம் கெடாது. தவறிய வெட்கத்தில் நீங்கள் விலகினால்தான் வரிசை முழுவதும் குலையும். முனைக்கு வந்த இணை ஒரு சுற்று சும்மா நிற்கும். அப்போது ஆட்டம் முடிந்ததென்று தண்ணீர் குடிக்கப் போய்விடாதீர்கள், அடுத்த சுற்றில் எண் மாறி, முதல் இணை இரண்டாம் இணையாகவோ இரண்டாம் இணை முதல் இணையாகவோ மறுபடி உள்ளே வர வேண்டும்.

இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டும் போகாதீர்கள். ஜான் பிளேஃபோர்டு 1651-இல் லண்டனில் வெளியிட்ட ஆட்டநூலில் இருப்பவை மிகச் சுருக்கமான குறிப்புகள்தான். அதில் வரும் ‘சைடிங்’ என்பதற்கு, இருவரும் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறுவது என்று, இந்த ஆட்டங்களுக்கு மறுவாழ்வு தந்த செசில் ஷார்ப் பொருள் கொண்டார். தோளுக்கு நேராகத் தோள் வரும்வரை முன்னே வந்து அப்படியே பின்வாங்குவது என்று பின்னாளில் ஆட்ட அமைப்பாளர் பாட் ஷா கொண்டார். இரண்டும் இன்றும் ஆடப்படுகின்றன. எது வேண்டும் என்பதை, அடிகளைக் குரல் கொடுத்து ஆட்டத்தை நடத்தும் ‘காலர்’ சொல்வார், இசை தொடங்குமுன் ஒருமுறை நடக்கவைத்தும் காட்டுவார். அவர் குரலைக் கேளுங்கள், அது போதும்.

நம்மவர்களில் பலர் இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் இத்தகைய மண்டபத்தின் வாசலைத் தாண்டியதில்லை. வந்த சிலரும் சுவரோரம் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. பக்கத்துத் தெருக்காரர் கை நீட்டி அழைக்கும்போது மறுத்துவிட்டு, இந்த ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சொல்வது நியாயமில்லை.

நான் முதன்முதலாகப் போனது 2004 ஜனவரியில். பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்தியே வளர்ந்த நான், என் கால்களையே பார்த்துக்கொண்டு ஆடினேன். இரு கைகளையும் கோத்துச் சுற்றும் கட்டத்தில் தலை கிறுகிறுத்தது. எதிரே இருந்த எழுபது வயது அம்மையார் என் விரல்களைச் சற்று இறுக்கி, “கீழே பார்க்காதே, என் முகத்தைப் பார், தலை சுற்றாது” என்றார். பார்த்தேன், உண்மையாகவே நின்றுவிட்டது. அவர் கை குளிர்ந்து, தோல் மிக மெல்லியதாக இருந்தது. இந்த நாட்டில் இறங்கிய நான்கு மாதத்தில் நான் ஒருவர் கையையும் பிடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் சுற்று முடிந்துவிட்டது. அடுத்த இணை கைகளை நீட்டிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தது.